உங்கள் பெயரில் இரண்டு வருஷம்

அப்பா,

கடை முழுக்க அத்தர் வாசனை. இஞ்சி, ஏலக்காய், டீத்தூள் எல்லாம் சேர்ந்தும் அதை விரட்ட முடியவில்லை. காலையில் உங்கள் சிநேகிதர் ஜவுளிக்கடை பாய் வந்துவிட்டுப் போனார். போன வருஷம் நீங்கள் நல்லபடியாக நடமாடிக்கொண்டிருந்தபோதே துபாயில் மகன் வீட்டுக்கு விமானம் ஏறியவர், நேற்றுதான் வலங்கைமான் திரும்பியிருக்கிறார். பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீ குடித்தார். குடித்துக்கொண்டே ஒரு விஷயத்தைச் சொன்னார். அவர் போய் மத்தியானம் ஆகிவிட்டது, எனக்கு இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. நடுநடுவே கண்ணும் கலங்குகிறது. கேட்கிறவர்களிடம் அடுப்புச் சூடு என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அவர் சொன்னதை அதன் இடம் வரும்போது சொல்கிறேன். நீங்களும் அப்படித்தானே. "இருடா, மொதல்லேர்ந்து சொல்றேன்" என்று நீங்கள் ஆரம்பித்து, கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கும்பகோணம் பஸ்ஸை விட்டது எத்தனை தடவை.

நீங்கள் போனதிலிருந்து என்னைக் குடைந்துகொண்டிருந்தது ஒரே ஒரு கேள்விதான். எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. இறந்துபோன ஒருவருக்காக, உயிரோடு இருக்கும் அவருடைய சொந்தக்காரர் ஆலயத்துக்குப் போய், அவர் பெயரில் தண்ணீரில் முழுகி ஞானஸ்நானம் எடுக்கலாம். அதை ஏற்றுக்கொள்வதும் தள்ளிவிடுவதும் போனவருடைய இஷ்டம். யாரையும் கையைப் பிடித்து இழுத்துவிடுவதில்லை, கதவைத் திறந்து வைப்பதோடு நம் வேலை முடிந்தது என்று நம்புகிறோம். மகன் அப்பாவுக்காக இதைச் செய்வதைவிடப் பெரிய காரியம் எங்களுக்குக் கிடையாது.

நீங்களோ கைக்குழந்தையாக லுத்தரன் கோயிலில் தலையில் தண்ணீர் வாங்கியவர். உங்கள் அப்பாவும் அப்படியே, அவருடைய அப்பாவும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கடைசி பெஞ்சில்தான் உட்காருவீர்கள், ஆசீர்வாதம் முடிந்த கையோடு அடுப்பு பற்றவைக்க ஓட வேண்டும் என்பதால். ஆனால் ஒரு ஞாயிறு தவறியதில்லை. அப்படிப்பட்டவர் பெயரை எடுத்துப்போய் வேறொரு சபையின் ஆலயத்தில் கொடுத்தால் அது உங்களை அவமானப்படுத்துவதா? கொடுக்காமல் விட்டால், ஊர் ஊராகப் போய் யார் யாருக்கோ நீட்டியதை என் சொந்த அப்பாவுக்கு மட்டும் மறுத்தவன் ஆகிவிடுவேனா? டீ ஆற்றும்போதும் இதே நினைப்பு, கல்லாவில் உட்கார்ந்தாலும் இதே நினைப்பு.

நெருங்கிய உறவின் சம்மதம் வேண்டும் என்பதால் அம்மாவிடம் கேட்டேன். வடை மாவில் வெங்காயம் போட்டுக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள்: "அது அவரு பேருடா. அவருகிட்ட கேளு." எங்கே போய்க் கேட்பது? கல்லறைத் தோட்டத்துக்குப் போய் நின்று பார்த்தேன். கொஞ்சம் புல் பிடுங்கிப் போட்டுவிட்டு வந்ததுதான் மிச்சம்.

நமக்குள் வந்த சண்டை சாமியைப் பற்றி வந்ததில்லை, டீயைப் பற்றி வந்தது. சென்னையில் படிக்கப் போன இடத்தில் இந்தச் சபைக்குப் போக ஆரம்பித்ததை நான் போனில் சொன்னபோது, "ஏதோ ஒரு கோயிலுக்குப் போறியே, அது போதும்" என்றுதான் சொன்னீர்கள். லீவுக்கு வந்து பையை இறக்குவதற்குள் நுரை தளும்ப ஒரு கிளாஸை நீட்டினீர்கள். நான் வாங்கவில்லை.

"என்னடா, வயிறு சரியில்லையா?"

"இல்லப்பா. நான் இப்ப டீ குடிக்கிறதில்ல. காபியும் கெடையாது. எங்க சபையில வேணாம்னு வச்சிருக்காங்க."

நீட்டிய கிளாஸை நீங்களே குடித்துவிட்டு வைத்தீர்கள். அத்தோடு போயிருக்கும். பக்கத்தில் நின்ற கண்டக்டர் அண்ணன் சும்மா இருந்தாரா? "என்னண்ணே, பெத்த புள்ளையே ஒங்க டீயத் தொட மாட்டேங்குது. நாங்க எதை நம்பிக் குடிக்கிறது?" என்றார். பெஞ்சே சிரித்தது. விளையாட்டுக்குத்தான் சொன்னார். ஆனால் அன்று சாயங்காலம் நீங்கள் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டீர்கள் என்று அம்மா பிறகு சொன்னாள்.

அந்தச் சூடு ஆறுவதற்குள் இரண்டாவது வெடியை நான் வைத்தேன். இரண்டு வருஷம் ஊழியத்துக்குப் போகிறேன், பிலிப்பைன்ஸுக்கு, சம்பளம் கிடையாது. நீங்கள் என்னோடு பேசுவதை நிறுத்தியது அன்றிலிருந்துதான். சொல்ல வேண்டியதை எல்லாம் அம்மாவிடம் சொன்னீர்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே. "இந்த ஊருல எல்லாப் பயலும் வெளிநாட்டுக்குச் சம்பாதிக்கப் போறான். இவன் கதவு தட்டப் போறான்." எங்கள் சபையில் ஊழியத்துக்குப் போகிற பையன்களை எல்டர் என்று கூப்பிடுவார்கள் என்று எப்படியோ தெரிந்துகொண்டு, அதற்கும் ஒன்று: "எல்டர்னா மூப்பர். நம்ம கோயில்ல மூப்பர்னா ரெண்டு பல்லாவது விழுந்திருக்கணும். இவனுக்கு மீசையே முழுசா மொளைக்கல." அம்மா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எனக்கும் சிரிப்புதான். சிரித்தால் சமாதானமாகிவிட்டேன் என்று நினைத்துவிடுவீர்களே என்று உம்மென்று இருந்தேன்.

நான் கிளம்பிய பஸ் நம் கடை வாசலில்தான் நின்றது. பஸ் ஸ்டாண்டில் கடை வைத்திருப்பவர் மகனை வழியனுப்ப எங்கேயும் போக வேண்டியதில்லை, திரும்பினால் போதும். நீங்கள் திரும்பவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சட்டைக்கு மேல் தோளில் துண்டு, டீ ஆற்றுகிற கை மேலும் கீழும் போய் வருகிறது, முதுகு மட்டும் தெரிகிறது. குடமுருட்டிப் பாலம் தாண்டும்வரை அந்த முதுகுதான் கண்ணுக்குள் நின்றது.

அங்கே போய் இறங்கிய அன்றே சட்டைப் பையில் குத்திக்கொள்ள ஒரு கறுப்புப் பட்டை கொடுத்தார்கள். வெள்ளை எழுத்தில் பெயர் இருக்கும். நம்மிடம் ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் என் பெயருக்குப் பின்னால் உங்கள் பெயர்தானே இருக்கிறது. அவர்கள் முன்னால் இருப்பதை விட்டுவிட்டுப் பின்னால் இருப்பதை எடுத்துக்கொள்கிறவர்கள். ஆகவே எல்டர் என்று போட்டு, அதற்குக் கீழே உங்கள் பெயரைப் பொறித்து என் நெஞ்சில் குத்திவிட்டார்கள். அன்றிலிருந்து இரண்டு வருஷம் அந்த நாட்டில் என் பெயரைச் சொல்லி யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை.

எனக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நம் வீட்டில் உங்கள் பெயர் வெளியே வருவது கரண்ட் பில்லில் மட்டும்தான். அம்மாவுக்கு நீங்கள் "என்னங்க". பாய்க்கு "மாப்ள". ஊருக்கு "டீக்கடை அண்ணன்". பள்ளிக்கூடத்தில் எனக்கு அது ஒரு இனிஷியல், ஒரு எழுத்து, ஒரு புள்ளி. அங்கேயோ மீன் விற்கிற அம்மாள் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் கூப்பிடுகிறார். முதல் சில நாள் யாராவது கூப்பிட்டால், நீங்கள் எங்கே வந்தீர்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

அங்கே என்னதான் செய்தாய் என்று நீங்கள் ஒழுங்காகக் கேட்டதே இல்லை. பெரிதாக ஒன்றுமில்லை அப்பா. நடந்தோம். ஆறரைக்கு எழுந்து, படித்து, ஜெபித்து, கஞ்சி போடாத வெள்ளைச் சட்டையும் டையும் மாட்டிக்கொண்டு நடந்தோம். இரண்டு பேர் இரண்டு பேராகத்தான் இருக்க வேண்டும், ஒருவர் கண்ணிலிருந்து ஒருவர் மறையக் கூடாது. எனக்கு வாய்த்த துணை டோங்கா தீவுக்காரன். வாசலில் நின்றால் வீட்டுக்குள் வெளிச்சம் வராது, அப்படி ஒரு உடம்பு. அவன் குளிக்கும்போது மட்டும்தான் எனக்குத் தனிமை. அவன் பாடிக்கொண்டே குளிப்பான், அதனால் அதுவும் கெட்டது.

தெருத்தெருவாகப் போய் வேலியருகே நின்று குரல் கொடுப்போம். சிலர் உள்ளே இருந்துகொண்டே இல்லை என்பார்கள். சிலர் உட்காரவைத்துச் சோறு போடுவார்கள். மூன்று வேளையும் சோறுதான், காலையிலும் சோறும் கருவாடும். அந்தக் கருவாட்டு வாசனையில் பூம்புகார்க் கடற்கரைக்கே போய்விடுவேன். தப்பாமல் எல்லா வீட்டிலும் நீட்டுவது காபி. பொட்டலத்தைக் கிழித்துக் கொட்டி, சுடுதண்ணீர் ஊற்றி, அன்போடு நீட்டுவார்கள். நான் வேண்டாம் என்பேன். வலங்கைமான் டீக்கடைக்காரர் பிள்ளை கடல் தாண்டிப் போய், வீட்டுக்கு வீடு காபி வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். ஒரு கிழவர் முகம் வாடிக் கிளாஸைத் திரும்ப எடுத்துக்கொண்டு உள்ளே போனார். உங்கள் கை நினைவுக்கு வந்துவிட்டது. அடுத்த வீட்டு வேலியில் நிற்காமலே தாண்டி நடந்தேன். டோங்காக்காரன் வழியில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி, பாதியை என் கையில் திணித்தான். அவனைப் பொறுத்தவரை உலகத்தில் எந்தத் துக்கமும் பசியில்தான் ஆரம்பிக்கிறது.

திங்கட்கிழமை எங்களுக்கு ஓய்வு நாள். துணி துவைப்போம், காய் வாங்குவோம், வீட்டோடு பேசுவோம். எனக்கு மத்தியானம், உங்களுக்குக் காலை வியாபாரம் சற்று ஓய்கிற நேரம். அம்மா கடையின் பின்பக்கம் சர்க்கரை டின்னில் போனைச் சாய்த்துவைத்துவிட்டு, வடை தட்டிக்கொண்டே பேசுவாள். படத்தில் முன்னால் அம்மா, பின்னால் நீங்கள். நீங்கள் என்றால் உங்கள் முதுகு. எத்தனையோ திங்கள் நான் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே அம்மாவோடு பேசினேன். உங்கள் காதில் விழ வேண்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே பேசினேன். நாய் துரத்தியது, மழையில் குடை பறந்தது, ஒரு வீட்டில் எங்களை மருந்து விற்கிறவர்கள் என்று நினைத்து முழங்கால் வலியைக் காட்டியது, எல்லாவற்றையும் சொன்னேன். முதுகு அசையவே இல்லை. உங்கள் கோபம் தணிவதற்குள் உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வேன் என்று பயந்தே திங்கட்கிழமைகள் முடிந்தன.

பிறகு அந்தத் திங்கள் வந்தது. வீட்டுக்குள் சிக்னல் கிடைக்கவில்லை என்று தெருவுக்கு வந்து பேசிக்கொண்டிருந்தேன். அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு எங்கள் இருவரையும் கண்டால் திருவிழா. தூரத்தில் இருந்தே என்னைப் பார்த்துவிட்டு ஒரு கூட்டமாக ஓடிவந்தார்கள், உங்கள் பெயரை ராகம் போட்டுக் கத்திக்கொண்டே.

முதுகு திரும்பியது.

முதலில் நீங்கள் ரோட்டைப் பார்த்தீர்கள். பஸ் ஸ்டாண்டில் யாரோ உங்களைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துவிட்டீர்கள். "எவன்டா அது, மட்டு மரியாத இல்லாம பேரச் சொல்லிக் கூப்பிடுறது?" என்று வாசல் வரை போனது எனக்குக் கேட்டது. அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "அங்க இல்லங்க. இங்க, போனுல. ஒங்க பேரத்தான் இவனுக்கு வச்சிருக்காங்களாம்." நீங்கள் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, திரை முழுக்க உங்கள் முகம் தெரிகிற அளவு குனிந்தீர்கள். மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. இந்தப் பெயர் இவருடையது, என்னுடையதில்லை என்று பிள்ளைகளுக்கு அவர்கள் பாஷையில் சொன்னேன். அவ்வளவுதான், உங்கள் முகத்துக்கு நேராகவே கோரஸாக உங்கள் பெயரைச் சொல்லிக் கையாட்டினார்கள். உங்களை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனை காலம் ஆகியிருக்கும். வெட்கத்தில் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டீர்கள்.

"சரியான வானரக் கூட்டமா இருக்கு" என்றீர்கள். அப்புறம் என்னைப் பார்த்தீர்கள். "என்னடா இப்படிக் கறுத்துப் போயிட்ட?"

பேசாமல் இருந்த மாதங்கள் அத்தனையும் அந்த ஒரு கேள்வியில் போய்விட்டன. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "வெயிலு ஜாஸ்திப்பா" என்று மட்டும் சொன்னேன். நீங்கள், "ஒரு தொப்பி வாங்கிக்க வேண்டியதுதானே" என்றீர்கள். எங்களுக்குத் தொப்பி போட அனுமதி உண்டா, இல்லையா என்று ஒரு பெரிய விவாதம் நடந்தது. அன்று நான் நேரம் போனது தெரியாமல் பேசினேன்.

அதற்குப் பிறகு திங்கட்கிழமை உங்களுடையதாகிவிட்டது. "இந்த வாரம் எத்தனை பேரு கதவச் சாத்துனான்?" என்பதுதான் உங்கள் முதல் கேள்வி. யாராவது என்னைத் திட்டியிருந்தால் உங்களுக்குக் கோபம் வரும். "வேணாம்னா வேணாம்னு மரியாதையாச் சொல்லணும். என்ன பழக்கம் இது?" என்பீர்கள். நானும் உங்கள் டீயை மரியாதையாகத்தானே வேண்டாம் என்றேன் என்று நாக்கு நுனி வரை வரும், அடக்கிக்கொள்வேன். டோங்காக்காரனை எட்டிப் பார்த்து, "அந்தத் தம்பிக்குச் சாப்பாடு பத்துதா?" என்று விசாரிப்பீர்கள். குடமுருட்டியில் தண்ணீர் வந்துவிட்டது, குறுவை அறுப்புக்கு ஆள் கிடைக்கவில்லை, பாய் கடையில் பட்டுச்சேலை ஆடித் தள்ளுபடி என்று ஊர்ச் செய்தி மொத்தமும் எனக்கு வந்து சேரும்.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த இன்னொரு திங்கள். யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் பால் சட்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே கேட்டீர்கள்:

"ஏன்டா, ஒங்க சபையில செத்தவங்களுக்குக்கூட முழுக்கு குடுப்பீங்களாமே? நெசமா?"

"ஆமாப்பா. அவங்க சார்பா நாம முழுகுவோம். ஏத்துக்கிறதும் ஏத்துக்காததும் அவங்க பாடு."

"அப்ப நான் செத்தா?"

பொய் சொல்ல முடியாது. "செய்யணும்னு எனக்கு ஆசைப்பா" என்றேன்.

நீங்கள் சட்டென்று திரும்பிவிட்டீர்கள். மறுபடியும் அந்த முதுகு. அம்மா அங்கே இல்லை, தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். நான் "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். ஏதோ பாத்திரம் தடால் என்று விழுந்த சத்தம் கேட்டது. கோபத்தில் எறிகிறீர்கள் என்று நினைத்தேன். போனைக் கட் பண்ணிவிட்டேன். அடுத்த திங்கள் நீங்கள் ஒன்றுமே நடக்காததுபோல் கதவு சாத்தினவர்கள் கணக்கைக் கேட்டீர்கள். எனக்காக விழுங்கிக்கொண்டீர்கள் என்று நினைத்தேன். அந்தப் பேச்சைத் திரும்ப எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஊழியம் முடிந்து ஊர் வந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு அடி வைப்பதற்குள் கண்டக்டர் அண்ணன், "தம்பி, நாய் கடிச்ச காலு ஆறிடுச்சா?" என்றார். என்னை எந்த நாயும் கடிக்கவில்லை, துரத்தத்தான் செய்தது. பூக்கடை அக்கா, நான் வெள்ளத்தில் நீந்திப்போய்க் கிழவியைக் காப்பாற்றியதைப் பாராட்டினார். இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு பாட்டியின் கோழிக்கூண்டைத் தூக்கிவந்தோம், அதுவும் தூக்கியது டோங்காக்காரன். அத்தனை பேருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது, நடக்காததும் சேர்த்து. முதுகைத் திருப்பிக்கொண்டு நின்ற மாதங்களில்கூட நீங்கள் ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறீர்கள். கேட்டதை டீயோடு சேர்த்து ஊருக்கு ஊற்றியிருக்கிறீர்கள். நான் கடைக்குள் வந்ததும் ஒரு டம்ளரில் பனங்கற்கண்டு போட்ட பாலை ஆற்றி நீட்டினீர்கள். "டீக்கடைக்கு வந்துட்டு யாரும் சும்மா போகக் கூடாது" என்றீர்கள். பெஞ்சிலிருந்த அத்தனை பேர் முன்னாலும் நான் அதை ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

அப்புறம் நாம் சேர்ந்து கடை பார்த்தோம். குடிக்காமல் டீ போட என்னைப் பழக்கிக்கொண்டேன். நிறமும் வாசனையும் போதும் என்று தெரிந்தது. நீங்கள் ருசி பார்த்துவிட்டு, "பரவால்ல, மூப்பரே" என்பீர்கள். போன ஐப்பசி மழையில் இரண்டே நாள் காய்ச்சல், மூச்சுத் திணறல், தஞ்சாவூர் ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். போதகர்தான் அடக்க ஆராதனை நடத்தினார், நீங்கள் விரும்பியபடி, உங்கள் கோயில் முறைப்படி. முதல் கைப்பிடி மண்ணைப் போட என்னைக் கூப்பிட்டார். உங்கள் பெயரை அவர் சத்தமாகச் சொன்னபோது, என்னைத்தான் கூப்பிடுகிறார் என்று ஒரு நொடி நிமிர்ந்துவிட்டேன்.

அன்று ஆரம்பித்த குடைச்சல்தான் இன்று காலை வரைக்கும். இப்போது பாய் சொன்னதைச் சொல்கிறேன்.

டீயை உறிஞ்சிவிட்டு, "அப்பன் கைப்பக்குவம் அப்படியே இருக்கு தம்பி" என்றார். உங்களுக்காக ஒரு நிமிஷம் கண்ணை மூடி துவா செய்தார். பிறகு, மழை பெய்யுமா என்று கேட்பதுபோல் சாதாரணமாகக் கேட்டார்: "ஆமா, அந்த முழுக்குச் சமாச்சாரம் என்னாச்சு? முடிச்சிட்டியா?"

"எந்த முழுக்கு மாமா?"

"ஒங்கப்பனுக்குத்தான். ஒங்க கோயில்ல போயி முழுகுவேன்னியாமே."

"அது எப்படி மாமா செய்யறது? அப்பாவுக்குத்தான் பிடிக்கலையே. போனுல சொன்னப்பவே கோவிச்சுக்கிட்டுத் திரும்பிட்டாங்க. பாத்திரத்த வேற விட்டெறிஞ்சாங்க."

பாய் கிளாஸைக் கீழே வைத்தார். "யாரு, அவனா? அட, நான் இந்த பெஞ்சுலதான்டா ஒக்காந்திருந்தேன். பால் பொங்கிருச்சு. பேச்சு சுவாரசியத்துல அவன் பாக்கல. அடுப்பெல்லாம் வழிஞ்சு, எறக்கப் போயி சட்டி கை தவறி, ஒரே ரகளை. எல்லாத்தையும் தொடச்சிட்டுத் திரும்பிப் பாத்தா போனு கட்டாயிருக்கு. ‘என்ன மாப்ள, பதில் சொல்றதுக்குள்ள வச்சிட்டான்’னான்."

பால், அப்பா. இத்தனை வருஷம் நான் பயந்து செத்தது பொங்கின பாலைப் பார்த்து. உங்கள் முதுகைப் பார்த்துப் பார்த்துப் பழகிப்போய், நீங்கள் எப்போது திரும்பினாலும் கோபம்தான் என்று முடிவுகட்டி வைத்திருந்திருக்கிறேன். பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தேன். பாய் என்னவோ ஏதோ என்று தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

"என்ன பதில் மாமா? சொல்றதுக்குள்ள வச்சிட்டான்னாங்களே, என்ன சொல்ல இருந்தாங்களாம்?"

"அதத்தான் நானும் கேட்டேன். ‘ஏன் மாப்ள, நீ போனதுக்கப்புறம் ஒம் பையன் ஒன்னையும் முக்கிடுவான் போலயே, சம்மதமா?’ன்னேன். ‘செய்யட்டுமே. அவன் நம்புறத எனக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்வான்? அங்க வந்து கேக்குறப்ப, வேணுமா வேணாமான்னு நான் சொல்லிக்கிறேன். அது என் பாடு’ன்னான்." பாய் மிச்சமிருந்த டீயைக் குடித்து முடித்தார். அம்மா பின்பக்கத்திலிருந்து வந்து, மாவுக் கையோடு கதவோரம் நின்றிருந்தாள். "அப்புறம் அடுப்பத் தொடச்சுக்கிட்டே சொன்னான்: ‘முழுகப் போறது நான் இல்லையே மாப்ள, அவன்ல முழுகணும். தலைக்கு ஊத்துனா அவனுக்குச் சின்னதுலேர்ந்து சளி புடிச்சுக்கும். நல்லாத் தொவட்டிக்கடான்னு சொல்ல அப்ப நான் இருக்க மாட்டேனே’ன்னான்."

திருவாரூர் பஸ் வந்து நின்றது, யாரோ டீ கேட்டார்கள், அம்மாவே போய்ப் போட்டுக் கொடுத்தாள். திரும்பி வந்து, "கேக்கச் சொன்னேன்ல, கேட்டாச்சுல்ல. போயிட்டு வா" என்றாள். நீங்கள் போனதற்குப் பிறகு அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்க்கவில்லை.

இந்த முழுக்கு நடக்கிற பெரிய ஆலயம் நம் நாட்டில் இல்லை, கடல் தாண்டி இருக்கிறது. அடுத்துப் போகிற குழுவில் என்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். அங்கே ஒருவர் உங்கள் பெயரை உரக்கச் சொல்வார். அது எனக்குப் பழக்கமான பெயர், திரும்பிப் பார்க்க மாட்டேன், உங்களுக்குப் பதிலாக முழுகி எழுவேன். வேணுமா வேணாமா என்பது உங்கள் பாடு.

தலையை நன்றாகத் துவட்டிக்கொள்கிறேன் அப்பா.